கட்டுவோரின் தகுதியும் சட்டத்தின் கடமையும்

ஒரு வீட்டின் சுவருக்குள் மின்கம்பி இழுக்க நம் நாட்டில் உரிமம் வேண்டும்; அந்தச் சுவரை எழுப்புவதற்கோ, அதன் தலைமேல் கூரைத் தளத்தை வார்ப்பதற்கோ எந்த உரிமமும் வேண்டியதில்லை. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள், உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் வாயிலாகவும் தகுதிச் சான்று பெற்ற ஒருவரின் நேரடி மேற்பார்வையிலும் அன்றி மின்னமைப்பு வேலை நடைபெறலாகாது என்று விதித்தன. பின்னர் வந்த ஒழுங்குமுறைகளும் அந்த நியமத்தைக் கைவிடவில்லை. மின்சாரம் உயிருக்கு ஆபத்தானது, அதன் பிழை கண்ணுக்குப் புலப்படாதது என்பவையே இதற்குச் சொல்லப்படும் நியாயங்கள். இவ்விரண்டு நியாயங்களும் கம்பி பொதிந்த கான்கிரீட்டுக்கு அணுவளவும் குறையாமல் பொருந்துகின்றன. ஆயினும், மின்பணியாளரைப் பரீட்சித்த பின்னரே பணியில் இறங்க விடுகிற அரசு, கொத்தனாரையும் கம்பி கட்டுவோரையும் அவரவர் அநுபவத்துக்கும் மேஸ்திரியின் மனச்சாட்சிக்கும் விட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது ஏன் என்ற கேள்வி, சட்டம் பயின்றோராலும் பொறியியல் பயின்றோராலும் போதிய அளவு கேட்கப்படவில்லை என்பது என் அபிப்பிராயம்.

தகுதியை வகுத்தறியும் பழக்கம் நமக்குப் புதியதன்று. மயமதம் முதலிய சிற்ப நூல்கள் ஸ்தபதி, சூத்திரகிராகி, தக்ஷகன், வர்த்தகி என்று நால்வகைக் கம்மியரைப் பிரித்து, திட்டம் வகுப்பவன் இன்னான், கயிறு பிடித்து அளவு காண்பவன் இன்னான், வெட்டிச் செதுக்குபவன் இன்னான், இணைத்துப் பொருத்துபவன் இன்னான் என்று ஒவ்வொருவனுக்கும் உரிய அறிவையும் ஒழுக்கத்தையும் சொல்லிச் செல்கின்றன. அந்தப் பிரிவு பிறப்போடு பிணைக்கப்பட்டுப் பலருக்குக் கதவடைத்ததை மறுப்பதற்கில்லை. ஆனால் வேலைக்கு முன் அறிவு வேண்டும், அறிவுக்கு ஏற்பப் பொறுப்பு வேண்டும் என்ற கொள்கை அதனுள் இருந்தது. கோயிற் கலைக்கு அந்தக் கொள்கை இன்றும் ஓரளவு உயிரோடிருக்கிறது. 1957இல் மாமல்லபுரத்தில் அரசு தொடங்கிய சிற்பப் பயிற்சி நிலையம் கல்லூரியாக வளர்ந்து, ஸ்தபதியாக வர விரும்புவோர்க்கு ஆண்டுக்கணக்கில் கல்வி தருகிறது. ஜனங்கள் குடியிருக்கும் வீட்டைக் கட்டுவோர்க்கு இதற்கு நிகரான மதிப்புடைய கல்வி ஏற்படவில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் கட்டடக் கொத்து வேலைக்கென ஒரு பாடப்பிரிவு உண்டு. எனினும் சாரத்தின் மேல் நிற்கும் கொத்தனார்களுள் அந்த வழியாக வந்தவரைத் தேடித்தான் காண வேண்டும். பெரும்பாலோர் சித்தாளாகக் கல்லும் கலவையும் சுமந்து, பெரியாளாக உயர்ந்து, யாரும் பார்க்காத பின்கட்டுச் சுவர் ஒன்றில் கரணை பிடித்துப் பழகி, ஒரு மேஸ்திரியின் தயவினால் கொத்தனார் ஆனவர்களே.

இந்தக் கற்றல்முறையை நான் இழிவாகக் கருதவில்லை. தூக்குக்குண்டு விட்டு மூலைக்கல் நிறுத்துவதையும், ரசமட்டம் பார்த்து வரி போடுவதையும், மணியாசுக் கட்டையால் பூச்சைத் தேய்த்து முடிப்பதையும் எந்தப் புத்தகமும் கையில் ஏற்றிவிட முடியாது. ஆனால் இந்த முறை வளர்ந்தது சுண்ணாம்புக் காலத்தில் என்பதை மறக்கலாகாது. சுண்ணாம்புச் சாந்து மெல்ல இறுகும். சுவர் சற்றே அசைந்தாலும் அதனோடு இசைந்து கொடுக்கும். தவறு நேர்ந்தால் விரிசலாக வெளியில் தெரிந்து, திருத்துவதற்கு அவகாசமும் தரும். கம்பி பொதிந்த கான்கிரீட்டின் சுபாவம் இதற்கு நேர்மாறானது. வார்த்த அன்றே பலகைக்குப் பின்னால் மறைந்து, சில மணி நேரத்தில் இறுகி, தன் குணத்தையும் குற்றத்தையும் ஒருசேர உள்ளே அடக்கிக்கொள்ளும் இந்தப் பொருளில், கண்ணால் கண்டு கற்ற கைப்பழக்கம் மட்டும் போதாது. ஏன் இப்படிச் செய்ய வேண்டும் என்ற காரண அறிவும் வேண்டும். பொருள் மாறியது, கற்பிக்கும் முறை மாறவில்லை. நம் கட்டுமானத் தொழிலின் துன்பங்களில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 456ஆம் எண் நியமம், 2000ஆம் ஆண்டுப் பதிப்பில், எம்-20 தரக் கலவையை விகித முறையில் கலக்கும்போது 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டருக்கு மேல் தண்ணீர் சேரலாகாது என்று வரையறுக்கிறது. அந்த அளவில் கலவை சற்று இறுக்கமாக இருக்கும். சட்டியில் ஏந்தி மாடிக்கு ஏற்றவும், கம்பிகளுக்கு இடையில் தள்ளவும் கூடுதல் பிரயாசை வேண்டும். இன்னும் ஒரு குடம் ஊற்றினால் கலவை தானே ஓடும், வேலை மாலைக்குள் முடியும், தளமும் வழவழப்பாக வரும், வீட்டுக்காரரும் மகிழ்வார். அந்தக் குடம் ஆவியாகி வெளியேறிய பின் கான்கிரீட்டினுள் விட்டுச் செல்லும் நுண்துளைகளையோ, அவற்றின் வழியே ஆண்டுகள் பல கழித்து ஈரம் புகுந்து கம்பி துருவேறுவதையோ அன்று அங்கு நிற்பவர் எவரும் காண்பதில்லை. நீராற்றுவதும் அத்தகையதே. சாதாரண சிமெண்டானால் 7 நாளும், சாம்பல் கலந்த சிமெண்டானால் 10 நாளும் குறையாமல் ஈரம் காக்க வேண்டும் என்பதும், வெப்பமும் வறட்சியும் மிக்க இடங்களில் அது 14 நாள் வரை நீள்வது நல்லது என்பதும் அதே நியமத்தின் கட்டளை. கடைகளில் இன்று பரவலாக விற்பது கலப்பு சிமெண்டே ஆயினும், அதற்கு நாள் கூட வேண்டும் என்ற செய்தி சாக்குப்பையோடு சேர்ந்து வேலையிடத்துக்கு வந்து சேர்வதில்லை.

கம்பி வேலை இதனினும் நுட்பமானது. தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் முனைகளை 135 பாகை வளைத்து உள்நோக்கிச் செருக வேண்டும் என்று நிலநடுக்கம் தாங்கும் கட்டுமானத்துக்கான நியமம் கூறுகிறது. 90 பாகையோடு நிறுத்திவிட்டாலும் வெளிப்பார்வைக்கு ரிங் ரிங்காகவே இருக்கும். சாதாரண நாள்களில் தூணும் தூணாகவே நிற்கும். பூமி அசையும் அன்று, மேற்பூச்சு உதிர்ந்து, அந்த முனை விரிந்து திறந்துகொள்ள, நெடுங்கம்பி வெளிப்பக்கம் பிதுங்கித் தூண் நொறுங்கும். சென்னை நகரம் 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. அந்த மாற்றம் அரசாணையிலும் பாடநூலிலும் வந்துவிட்டது. கம்பி வளைக்கும் பலகையின் முன் குந்தியிருக்கும் மனிதருக்கு அதைச் சொல்ல எந்த ஏற்பாடும் இருக்கவில்லை.

சட்டம் பின் எதைத்தான் பார்க்கிறது? 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டம், பதிவு பெறாதவர் அப்பெயரைச் சூடிக்கொள்வதைத் தடுக்கிறது. ஆனால் அது காப்பது பெயரைத்தானே அன்றித் தொழிலை அன்று என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தெளிவுபடுத்திவிட்டது. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் உள்ளது போன்ற நாடு தழுவிய பதிவுச் சட்டம் கட்டடப் பொறியாளருக்கு வேண்டுமென்று நெடுங்காலமாகப் பேசப்பட்டும் பேச்சு பேச்சாகவே நிற்கிறது. குஜராத் மட்டும், 2001 ஜனவரி 26இல் பூஜ் நிலநடுக்கத்தில் பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களை இழந்து, மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த அகமதாபாத்திலும் அடுக்குமாடிகள் சரிந்ததைக் கண்ட பின்னர், 2006இல் தனக்கென ஒரு பொறியாளர் சட்டத்தை இயற்றிக்கொண்டது. தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், பதிவு பெற்ற பொறியாளர், கட்டமைப்புப் பொறியாளர், மண்ணியல் வல்லுநர், தரத் தணிக்கையாளர் என்று பல தரத்தாரை வகுத்து அவரவர் கல்வியையும் அநுபவத்தையும் நிர்ணயித்திருப்பது பாராட்டத்தக்க முன்னேற்றமே. ஆயினும் அந்த வரிசை பெரிய கட்டடங்களை நோக்கியே நீள்கிறது. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டப்படும் தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடுகளுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி வழங்கப்படுகிறது. ஏழை, நடுத்தரக் குடும்பங்களை அலுவலக வாசலில் காத்து நிற்காமல் காத்த இந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை. அரசு அதிகாரியின் கண் விலகிய இடத்தில் எவருடைய கண் இருக்கப் போகிறது என்பதையே கேட்கிறேன். அந்த வீடுகளில் இருக்கப்போவது மேஸ்திரியின் கண் ஒன்றுதான்.

தொழிலாளரைக் குறித்த சட்டமும் திறனைக் கேட்கவில்லை. தொழிற்சங்கங்களின் நெடுநாள் போராட்டத்தின் பயனாக 1996இல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டம், 18 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்டு, முந்தைய பன்னிரண்டு மாதங்களில் 90 நாள் கட்டட வேலை செய்த எவரும் நல வாரியப் பயனுக்கு உரியவர் என்று வகுத்தது. அதனோடு வந்த தீர்வைச் சட்டம், கட்டுமானச் செலவில் ஒரு சதவீதத்துக்குக் குறையாமல் தீர்வை வசூலித்து நிதி திரட்ட வழி செய்தது. பிரசவம், விபத்து, முதுமை முதலியவற்றில் அந்த நிதி செய்துள்ள உபகாரம் பெரிது. ஆயினும், நாடெங்கும் கோடிக்கணக்கான பெயர்களைத் தாங்கிய அந்தப் பதிவேடு மனிதர் உழைத்த நாள்களை எண்ணியதே அல்லாமல், அவர் அறிந்த வேலையை எழுதவில்லை. குறைந்தபட்சக் கூலி அட்டவணைகளில் திறன் பெற்றோர், அரைத்திறன் பெற்றோர், திறன் பெறாதோர் என்ற பாகுபாடு உண்டு. யார் எந்த வகுப்பினர் என்பதைத் தீர்மானிப்பது மேஸ்திரியின் வாய்ச்சொல்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் அவசியம். 2014 ஜூன் 28ஆம் நாள் மாலை மழையில், சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், ஏறக்குறைய முடிந்திருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். மாண்டவர்களில் மிகுதியானோர் அந்தக் கட்டடத்தைக் கட்டிக்கொண்டிருந்த தொழிலாளர். ஆந்திரத்திலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் பிழைக்க வந்தவர்கள். இடி விழுந்ததே காரணம் என்று முதலில் சொல்லப்பட்டது. பின்னர் நடந்த விசாரணைகள் வடிவமைப்பின் குறைகளையும் தூண்களின் வலுக்குறைவையும் சுட்டின. அதன் இணைக் கட்டடம் 2016 நவம்பர் 2இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. மாண்ட தொழிலாளருக்கு எத்தனை சான்றிதழ் இருந்திருந்தாலும் சரிந்த கட்டடத்தை அவர்கள் காத்திருக்க முடியாது. தகுதியை ஒழுங்குபடுத்துவது என்றாலே கீழே நிற்பவரைப் பரீட்சிப்பது என்று கொள்வோமானால், குற்றம் இருந்த இடத்தை விட்டு அதன் பலியானவர்களிடமே கணக்குக் கேட்பவர்களாவோம். கையொப்பமிடுபவர், மேற்பார்க்கிறவர், கட்டுபவர் ஆகிய மூவரிடமும் தகுதி கேட்க வேண்டும். கேட்கும் முறை மேலிருந்து கீழே வர வேண்டும்.

இந்த வரிசையைத் தவறவிட்டு, பெருவிலை கொடுத்துக் கற்றுக்கொண்ட நாடு நியூசிலாந்து. அங்கே 1991இல் வந்த கட்டடச் சட்டம், இன்னபடி கட்டு என்று விதிப்பதை விட்டு, கட்டியது இன்ன பயனைத் தர வேண்டும் என்று மட்டும் விதித்தது. ஊராட்சி ஆய்வாளர்க்குப் பதிலாகத் தனியார் சான்றளிப்போரும் அனுமதிக்கப்பட்டனர். அதே காலத்தில் பழைய தொழில் பழகுநர் முறையும் தளர்ந்தது. மத்தியதரைக் கடல் நாடுகளின் பாணியைப் பின்பற்றி, இறவாரம் இல்லாமல், சாந்துப் பூச்சுப் பலகைகளால் வெளிச்சுவரை மூடிய வீடுகள் பெருகின. பூஞ்சைக்கு எதிரான மருந்தூட்டல் பெறாத பைன் மரச் சட்டங்களை உள்ளே நிறுத்தவும் நியமம் இடம் கொடுத்தது. மழை மிகுந்த அந்நாட்டில், சன்னல் ஓரங்களிலும் இணைப்புகளிலும் புகுந்த நீர் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, மரச்சட்டங்கள் மௌனமாக உளுத்தன. 2009இல் அரசின் பொருட்டுச் செய்யப்பட்ட மதிப்பீடு, பாதிக்கப்பட்ட வீடுகள் சுமார் 42,000 என்றும், சீர்செய்யும் செலவு 1,130 கோடி நியூசிலாந்து டாலர் என்றும் கணித்தது. வாழ்நாள் சேமிப்பை அந்தச் சுவர்களில் இட்ட குடும்பங்கள் வழக்கு மன்றங்களில் ஆண்டுகளைக் கழித்தன. வரைந்தவர் கட்டியவரைக் காட்ட, கட்டியவர் பொருள் விற்றவரைக் காட்ட, விற்றவர் சான்றளித்தவரைக் காட்ட, பல கட்டுமான நிறுவனங்கள் அதற்குள் கலைக்கப்பட்டும் போயிருந்தன. பொறுப்பு எவர் மீதும் நிலைகொள்ளவில்லை.

இதற்குப் பரிகாரமாக 2004இல் புதிய கட்டடச் சட்டம் வந்தது. 2007 முதல் உரிமம் பெற்ற கட்டடத் தொழிலர் என்ற ஏற்பாடு தொடங்கி, 2012 மார்ச் 1 முதல் கட்டாயமாயிற்று. அந்த ஏற்பாட்டின் விவேகத்தை நம்மவர் கவனித்துப் படிக்க வேண்டும். எல்லா வேலைக்கும் உரிமம் என்று அவர்கள் விதிக்கவில்லை. வீட்டின் தாங்கு சட்டகத்தையும், நீர் புகாமல் காக்கும் வெளிப்போர்வையையும் தொட்ட வேலையை மட்டும் பிரித்தெடுத்து, அதை உரிமம் உள்ளவர் செய்ய வேண்டும், அல்லது அவர் மேற்பார்க்க வேண்டும் என்றார்கள். வடிவமைப்பு, மரவேலை, கூரை, வெளிப்பூச்சு, செங்கல் கட்டு, கடைக்கால் என்று உரிமங்கள் தனித்தனி. முறையான கல்விச் சான்று இல்லாதவரும், தாம் செய்த வேலைகளைக் காட்டி, அவற்றை அறிந்தோர் சாட்சி கூறத் தகுதி பெறலாம். வேலை முடிந்தபின் இன்ன பகுதியை இன்னார் செய்தார் என்று பணிப் பதிவு எழுதிக் கொடுக்க வேண்டும். உரிமம் பெற்றோரின் பெயர்ப் பட்டியலை எவரும் பார்க்கலாம். தவறினால் விசாரித்து உரிமத்தை நீக்க ஒரு மன்றம் உண்டு. இத்தனைக்கும் மேலாக எனக்கு முக்கியமாகத் தோன்றுவது அந்தப் பணிப் பதிவே. சுவருக்குள் மறைந்துபோகும் வேலைக்கு, மறையாத ஒரு பெயரை அது இணைத்து வைக்கிறது.

பெயர் மட்டும் போதாது, அந்தப் பெயர் மெய்யானதா என்றும் பார்க்க வேண்டும் என்பதையும் அதே நாடு அநுபவித்து அறிந்தது. 2011 பிப்ரவரி 22இல் கிறைஸ்ட்சர்ச் நகர நிலநடுக்கத்தில் சிடிவி என்ற ஒரே கட்டடம் இடிந்து 115 பேர் இறந்தனர்; 1980களில் அதன் கட்டுமானத்தை மேற்பார்த்தவர், வேறொருவரின் பொறியியல் பட்டத்தைத் தம்முடையது என்று காட்டி வாழ்ந்தவர் என்பது பின்னரே வெளிப்பட்டது.

ஜெர்மனியின் வரலாறு வேறு வகையான பாடத்தைத் தருகிறது. கைத்தொழில் நடத்த மேஸ்திரிப் பரீட்சை தேற வேண்டும் என்பது அங்கே 1953ஆம் ஆண்டுச் சட்டம். அது போட்டியைத் தடுக்கிறது என்ற வாதம் வலுத்து, 2004இல் 94 தொழில்களில் 53 அந்தக் கட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. ஓடு பதிப்பவர் தொழில் அவற்றுள் ஒன்று. நிறுவனங்கள் பெருகின, ஆனால் பழகுநரை வைத்துக் கற்பிப்போர் குறைந்தனர், வேலையின் தரம் பற்றிய முறையீடுகளும் எழுந்தன. 2020இல் ஓடு பதித்தல் உள்ளிட்ட 12 தொழில்களுக்குப் பரீட்சை மீண்டும் வந்தது. கொத்தனார் தொழிலோ, உயிர்ப்பாதுகாப்பைக் கருதி, 2004இலும் விடுவிக்கப்படவில்லை. கற்பிக்கும் கடமையும் தகுதிச் சான்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பதே இதிலிருந்து நான் கொள்ளும் கருத்து; கற்றவருக்கு உரிய ஸ்தானம் இல்லாத தொழிலில் கற்பிக்க முன்வருவோர் அருகிப்போவர்.

இவற்றையெல்லாம் கூறிய பின்னும், நாளையே எல்லாக் கொத்தனாரும் உரிமம் பெற வேண்டும் என்று நம் அரசு ஆணையிட்டால் நான் அதை எதிர்ப்பேன். எழுதப் படிக்கத் தெரியாதவர், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தமிழ் அறியாதவர், ஒரு நாள் வேலையை விட்டால் அன்றைய அடுப்புக்கு வழியில்லாதவர் ஆகியோர் நிறைந்த தொழில் இது. காகிதத்தில் எழுதும் பரீட்சை, கையில் வித்தை உள்ளவரைத் தள்ளி, இடைத்தரகரிடம் சான்றிதழ் வாங்க வல்லவரை ஏற்றுக்கொள்ளும். பரீட்சை கையைப் பார்க்க வேண்டும்: ஒரு மூலை எழுப்பச் சொல்லலாம், ஒரு ரிங் வளைக்கச் சொல்லலாம், ஒரு மூட்டைக் கலவைக்குத் தண்ணீர் அளக்கச் சொல்லலாம், ஏன் அப்படி என்று அவரவர் தாய்மொழியில் கேட்கலாம். பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில், உண்மையான வீடொன்றைக் கட்டிக்கொண்டே 45 நாள் பயின்று கொத்தனார் சான்று பெறும் ஏற்பாடு இருக்கிறது. 2015இல் தொடங்கிய தேசியத் திறன் திட்டமும், முன்பே கற்ற தொழிலை மதிப்பிட்டு அங்கீகரிக்க வழி செய்தது. வழி இருக்கிறது, அந்த வழியில் நடந்தவனுக்கு என்ன பிரயோஜனம் என்பதுதான் கேள்வி. சான்று பெற்றவருக்கும் பெறாதவருக்கும் அதே தளத்தில் அதே கூலி என்றால், விவேகமுள்ள எந்தத் தொழிலாளி அதற்காக நாள்களை இழப்பார்? ஆகையால் சான்றிதழ் கூலி அட்டவணையில் ஒரு படியாக இடம்பெற வேண்டும்; பயிற்சிக் காலக் கூலியை நல நிதி ஈடு செய்ய வேண்டும். திரட்டிய நிதி செலவிடப்படாமல் தேங்கிக் கிடப்பதை உச்ச நீதிமன்றமே 2018இல் கண்டித்திருக்கிறது.

பெண்களைப் பற்றித் தனியே சொல்லாமல் இருக்க இயலாது. நம் வேலையிடங்களில் இருபது முப்பது ஆண்டுகள் சித்தாளாகவே இருந்து முதுமை அடையும் பெண்கள் எண்ணற்றோர். கலவையின் பதத்தைக் கொத்தனாருக்கு நிகராக அறிந்தவர்கள் அவர்கள். ஆயினும் கரணை அவர்கள் கைக்கு வருவதில்லை, வழக்கம் விடுவதில்லை. ஜார்க்கண்டில் கழிப்பறைகள் கட்டும் இயக்கத்தின்போது பயிற்சி பெற்ற பெண் கொத்தனார்கள் ராணி மிஸ்திரி என்று பெயர் பெற்று ஊரூராகக் கட்டினார்கள். வழக்கத்தை உபதேசத்தால் மாற்றுவது கடினம். ஆனால் மேஸ்திரியின் தயவுக்குப் பதிலாக ஒரு பொதுப் பரீட்சை உயர்வுக்கு வாயிலானால், அந்த வாயிலில் பெண்ணைத் தடுக்க எந்த விதிக்கும் இடமில்லை.

கட்டாயம் எங்கிருந்து தொடங்கலாம் என்றால், மேஸ்திரியிடமிருந்து என்பேன். சிறிய வீடுகளில் பொறியாளர் பெயருக்கு ஒருமுறை வந்து போகிறார். நாள் முழுவதும் நிற்பவரும், கலவையில் இன்னும் ஒரு குடம் ஊற்றச் சொல்பவரும், வேண்டாம் என்று தடுக்க வல்லவரும் மேஸ்திரியே. தொகையில் அவர்கள் கொத்தனார்களினும் மிகக் குறைவு, ஊரில் அறியப்பட்டவர்கள், பரீட்சிப்பதும் பதிவு செய்வதும் எளிது. சுயசான்று விண்ணப்பத்தில் மனையின் அளவையும் உரிமையாளர் பெயரையும் கேட்கும் அரசு, கடைக்கால், தூண், தளம் ஆகிய மூன்றையும் எவர் பொறுப்பில் கட்டப் போகிறீர்கள் என்று இன்னும் ஒரு வரி கேட்கலாம். முதல் சில ஆண்டுகள் பதிவு எண் இல்லாத மேஸ்திரியின் பெயரையும் ஏற்றுக்கொண்டு, அவரைப் பரீட்சைக்கு அழைக்கலாம். பிறகு எண் உள்ளவர் பெயரை மட்டும் ஏற்கலாம். அந்த வரியைச் சேர்ப்பதற்குப் புதிய சட்டம்கூட வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டு விதிகளில் ஒரு திருத்தம் போதும்.